ஒன்பதாவது வரிசை முகங்கள்

அழுகிற முகத்தை முதலில் வரைந்தது நான்தான். பழியை வேறு யார் தலையிலாவது கட்டலாமென்றால், பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் என்று இருப்பது நான் ஒருவன். எனக்கு உதவியாளனும் நான்தான். இந்த வருடம் புதிதாகத் தொடங்கிய புத்தக மணி, தோட்ட வேலை, நீச்சல் மூன்றையும் பற்றிப் பிள்ளைகளின் கருத்தைக் கேட்டு ஒரு படிவம் தயாரிக்கச் சொன்னார்கள். பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஐந்து முகங்கள். இடது ஓரத்தில் சிரிக்கிற முகம், வலது ஓரத்தில் அழுகிற முகம். பாட்டில் மூடியை வைத்து வட்டம் போட்டு ஒரு வரிசை வரைந்து, பிரதி எடுத்து, கத்தரித்து ஒட்டினேன். ஒன்பதாவது துண்டின்மேல் தேநீரைக் கொட்டிவிட்டேன். சரி, ஐந்து முகம்தானே என்று அந்த ஒரு வரிசையைக் கையாலேயே வரைந்தேன். வரையும்போது வலதிலிருந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டேன் போலிருக்கிறது; அழுகிற முகம் இடது ஓரத்துக்கு வந்துவிட்டது.

ஒன்பதாவது கேள்வி இதுதான்: நீச்சல் வகுப்பில் உனக்குப் பயமாக இருக்கிறதா?

வந்த படிவங்கள் இருநூற்று மூன்று. அவற்றில் நூற்று எண்பத்து நான்கு பேர் அந்தக் கேள்விக்கு அழுகிற முகத்தில் குறி போட்டிருந்தார்கள். தலைமை ஆசிரியை என்னை உள்ளே கூப்பிட்டார்.

"என்ன சார் இது, நாம கட்டினது நீச்சல் குளமா, முதலைக் குளமா?"

நான் தவறை ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், சிரிப்பதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது.

"பசங்க எங்க பார்த்தாங்க? முத முகத்துல டிக் போட்டுட்டு விளையாட ஓடியிருப்பாங்க. அந்த ஒரு கேள்விய மட்டும் அழுகைய சிரிப்பா வச்சுத் திருப்பி எண்ணிடுங்க. சாயங்காலம் போற வழியில தாளாளர் வீட்டுல குடுத்துருங்க. நாளைக்குக் கூட்டத்துல முடிவு பண்ணி, அடுத்த வருஷத்துலேர்ந்து வாரத்துக்கு ரெண்டு நாள் நீச்சல் எல்லாருக்கும் கட்டாயம்."

திருப்பி எண்ணினேன். ஒரே பேனா வீச்சில் நூற்று எண்பத்து நான்கு கோழைகளை வீரர்களாக்கினேன். அறிக்கையை உறையில் போட்டுவிட்டுப் படிவங்களைக் கட்டும்போதுதான் அந்தப் பச்சை மையைப் பார்த்தேன்.

எங்கள் பள்ளியில் பச்சை மையில் எழுதும் உரிமை தலைமை ஆசிரியைக்கு மட்டும்தான். அவருக்கு அடுத்தபடியாக, ஆறாம் வகுப்பில் படிக்கிற என் மகளுக்கு. பிறந்த நாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது அந்தப் பேனாவைத்தான் கேட்டாள். அவளுடைய குறியின் வால் எப்போதும் மேலே போய்க் கொஞ்சம் வளையும். பத்துக் கேள்விகளுக்கும் முதல் முகத்திலேயே போட்டிருந்தாள். ஒன்பதாவதிலும்.

அவசரத்தில் போட்டதா, பார்த்துப் போட்டதா? படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குறிக்கு வாய் இருந்தால் கேட்டிருப்பேன். வியாழக்கிழமை காலைகளில் அவளுக்கு வயிறு வலிக்கும். வியாழன்தான் நீச்சல். "போன வாரம் குடிச்ச தண்ணில மீன் இருந்திருக்கும், அது நீந்துது," என்று சொல்லிச் சிரிக்க வைத்து வண்டியில் ஏற்றிவிடுவேன். வாளிக்கு மேல் தண்ணீரைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவன் நான். என் பயம் பிள்ளைக்கு வந்துவிடக் கூடாதென்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

அவளிடம் கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் படிவம் கொடுத்த அன்று வகுப்பு வகுப்பாகப் போய், "பேர் எழுத வேணாம், யார் எழுதினதுன்னு யாரும் தேட மாட்டாங்க," என்று வாக்குக் கொடுத்ததும் நான்தான்.

மாலையில் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அன்றும் வியாழன். பின்னலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உறை என் சட்டைக்குள் இருந்தது.

"ஒரு ஊர்ல ஒரு கிளார்க் இருந்தாராம்," என்று ஆரம்பித்தேன். "அவருக்கு முகம் வரையத் தெரியாதாம்."

"ஒம்பதாவது கேள்விதானேப்பா."

வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. பின்னால் வந்தவர் என் கண்பார்வையைப் பற்றி ஏதோ விசாரித்துவிட்டுப் போனார்.

"நீயும் பார்த்தியா?"

அவள் நீச்சல் பையை எங்கள் இருவருக்கும் நடுவில் இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். ஈரம் என் முதுகில் ஏறியது. அதற்கு ஒரு வேடிக்கை சொல்லலாமென்று வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை.

தாளாளர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். காவலாளி என்னை அடையாளம் கண்டுகொண்டு, கேட்டைத் திறக்காமலேயே கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டினார்.

"ஸ்கூல்லேர்ந்து கவர்தானே? குடுங்க சார், ஐயா ரெண்டு தடவ கேட்டுட்டாரு."

"ஒரு நிமிஷம்ணே." உறையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினேன். "கண்ணு, அப்பா விளையாடல. சும்மா முத முகம்னு போட்டியா, பார்த்துப் போட்டியா?"

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதில் எங்காவது சிரிப்பு ஒளிந்திருக்கிறதா என்று தேடினாள் என்று நினைக்கிறேன்.

"பார்த்துத்தான்ப்பா போட்டேன். முகம் மாறியிருக்குன்னு எங்க லீடர் எழுந்து நின்னு எல்லாருக்கும் சொன்னா. அதுக்கப்புறம்தான் போட்டோம். எங்க கிளாஸ்ல முப்பத்தி நாலு பேரும்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னேனே. நீங்க மீனுன்னு சொன்னீங்க."

காவலாளி தொண்டையைச் செருமினார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீச்சல் மாஸ்டர் எங்க தலைய தண்ணிக்குள்ள அமுக்கிட்டு இருபது எண்ணுவாருப்பா. பயம் தெளியணுமாம். நடுவுல கைய உதறினா, மறுபடியும் ஒண்ணுலேர்ந்து எண்ணுவாரு."

பின்னலிலிருந்து ஒரு சொட்டு உறையின் மேல் விழுந்து பரவியது. கம்பிகளுக்கு நடுவே அந்தக் கை இன்னும் நீண்டபடியே இருந்தது.