குறைகிற பில்லில் பாதி

வயருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. இடப்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு சேர்த்துத்தான் திரும்ப முடியும். ஏணியில் நின்று அண்ணாந்தே பிழைக்கிறவனுக்கு இது கூலியோடு சேர்ந்து வருகிற வலி. ஆள் கம்பிபோல ஒல்லி, பார்ப்பது எலக்ட்ரீஷியன் வேலை. வயர் என்ற பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அந்தக் கழுத்தோடுதான் அட்டைப்பெட்டிக் கம்பெனி முதலாளி முன்னால் நின்றான். அங்கே கூரை முழுக்க எல்.இ.டி. விளக்கு மாட்டியவன் அவன். முதலாளி ஒரு பைசா போடவில்லை. விளக்கும் வேலையும் வயருடையது. மாதாமாதம் கரண்ட் பில்லில் எவ்வளவு குறைகிறதோ அதில் பாதி, போட்ட முதல் தேறும்வரை அவனுக்கு. வாய்ப்பேச்சில் முடிந்த ஏற்பாடு. விளக்கு வாங்க அக்கா புருஷன் தன் லோடு வண்டியை விற்றுக் கொடுத்திருந்தார். "வருஷம் முடியறதுக்குள்ள உங்களுக்கு வேற வண்டி என் பொறுப்பு அத்தான்" என்று வயர் அவர் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தான்.

முதலாளி பில்லை மேசையில் தள்ளினார்.

"நீயே பாருப்பா. கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?"

கூடியிருந்தது.

"விளக்கு பழசுல பாதிகூடத் திங்கல முதலாளி. நீங்க சாயங்கால ஷிப்ட் ஆரம்பிச்சுட்டீங்க. மிஷினெல்லாம் ரெட்டிப்பா ஓடுது. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

"வெளிச்சம் நல்லா இருக்கு, ஓட்டறோம். உன்ன யாரு இவ்வளவு நல்லாப் போடச் சொன்னது?" முதலாளி தொப்பை குலுங்கச் சிரித்தார். "பில்லு குறைஞ்சா பாதின்னு சொன்னது நீ. குறையட்டும், தரேன். நான் பேச்சு மாறுற ஆளா?"

மாறவில்லை. பழைய விளக்குகளின் மங்கல் வெளிச்சத்தில் வெட்டு மிஷினில் ஒருவனுக்கு விரல் நுனி போயிற்று. அதன்பிறகு பொழுது சாய்ந்தால் ஷட்டர் இறங்கிவிடும். இப்போது அட்டையில் போட்ட பென்சில் கோடுகூடத் தெரிந்தது. ஷட்டரை இறக்க யாருக்கும் காரணமில்லை. விளக்குக்கென்று தனி மீட்டர் வைக்கலாமென்று வயருக்கு அப்போதே தோன்றியது. வைத்தால் நம்பிக்கை இல்லாத மாதிரி ஆகிவிடுமே என்று விட்டுவிட்டான்.

"இப்பவாவது ஒரு தனி மீட்டர்..."

"வை. பழசு எவ்வளவு தின்னுச்சுன்னு எதுல காட்டுவ? அதெல்லாம் காயலான் கடைக்குப் போயாச்சே. போய் ஒரு டீயக் குடி. கழுத்துக்குத் தைலம் தேய்."

வயர் முதலாளி அறையை விட்டு வெளியே வந்து, கம்பெனிக்குள்ளேயே கட்டுக்கட்டாக அட்டை அடுக்கியிருந்த சந்தில் நின்றான். விளக்குகளின் கடிவாளம் இன்னும் அவன் போனில்தான் இருந்தது. சாயங்காலமானால் எல்லாம் மங்கும்படி ஒரு தட்டுத் தட்டினால் போதும். ரிப்பேர் என்று பத்து நாள் இழுத்தடிக்கலாம். ஷிப்ட் படுத்துவிடும், பில் தானாக இறங்கும். விரலைத் திரைமேல் வைத்தான்.

"என்ன மாப்ளே, எவனாச்சும் கழுத்தத் திருகிட்டானா?"

அத்தான். முதுகில் அட்டைக்கட்டு, வியர்வையில் ஊறிய பனியன். வண்டி போனபிறகு சாயங்கால ஷிப்டில் சுமை தூக்கச் சேர்ந்திருந்தார். சுமையைத் தூணில் சாய்த்துவிட்டு முழங்காலை இரண்டு கையாலும் பிசைந்தார்.

"முதலாளியப் பாத்தியா? இந்த ஷிப்ட நிறுத்தப்போறதா பேச்சு ஏதாவது அடிபடுதா?"

"இல்ல அத்தான்."

"வயித்துல பால வார்த்தடா. வண்டி வச்சிருந்தப்போ பாதி நாள் ஈ ஓட்டிட்டுக் கெடந்தேன். இங்க முட்டி தேயுது, ஆனா தினம் கூலி. எல்லாம் உன் விளக்கு புண்ணியம்."

வயர் போனைச் சட்டைப்பையில் போட்டான்.

அத்தான் தொண்டையைச் செருமினார். "அப்புறம்... உங்கக்கா ஒண்ணு கேக்கச் சொன்னா. நான் கேக்கல, அவதான்."

"தெரியும் அத்தான்."

"என்ன சொல்லட்டும்?"

வயர் குனிந்து அட்டைக்கட்டுக்கு ஒரு கை கொடுத்தான். அத்தான் அதை முதுகில் ஏற்றிக்கொண்டார்.

"சரி, கேட்டேன்னு மட்டும் சொல்லிக்கறேன். இல்லன்னா இன்னிக்குச் சோறு கிடைக்காது."

தாங்கித் தாங்கி நடந்தார். ஆள் வந்தால் பிரகாசமாகி, ஆள் போனால் மங்கும்படி வயரே பார்த்துப் பார்த்து வைத்த விளக்குகள் அவை. அவர் போகப் போக ஒவ்வொன்றாக வெளிச்சம் ஏறியது. அது மங்குவதற்குள் அடுத்த கட்டுக்குத் திரும்பி வந்துவிடுவார். விடிந்தால் வருஷத்தின் கடைசி மாதம். வயர் அத்தானுக்கு ஒரு லோடு வண்டி தர வேண்டும்.