வாசம் தெரியாத வீடு

மசக்கைக்காரியின் மூக்கை யார் நம்புவார்கள்? குசினிக்குள் அழுகின முட்டைக்கோவா நாற்றம் அடிக்கிறது என்று கோசலா வாரம் முழுக்கச் சொல்லிப் பார்த்தாள். கணவன் சுமன் மோந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். மாமியார் பேச்சியம்மாவும் உறிஞ்சிப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லயே புள்ள. இவன் வயித்துல இருக்கையில எனக்குச் சோறு கொதிச்சாலே குமட்டும். அப்புடித்தான்."

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். மாசமான மருமகள் சொல் அடுப்படிகூட ஏறவில்லை.

அன்று காலை ராகலையில் மூடுபனி. குளிருக்குக் கதவு, ஜன்னல் எல்லாம் இரவிலிருந்தே அடைத்துக் கிடந்தன. கோசலா எழுந்து வந்தபோது குசினி வாசலிலேயே நாற்றம் முகத்தில் அறைந்தது. உள்ளே பேச்சியம்மா கேஸ் அடுப்புக்கு முன்னால் நின்று நெருப்புப்பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள்.

"மாமி, பத்த வைக்காதீங்க!"

அது கேஸ் நாற்றம் என்று அவளுக்கு அப்போதுதான் பொறிதட்டியது. பாய்ந்து போய்ப் பெட்டியைப் பிடுங்கி முற்றத்தில் வீசினாள்.

"என்னாடி, பைத்தியம் புடிச்சிருச்சா?" என்று பேச்சியம்மா கத்தினாள். சத்தம் கேட்டு ஓடிவந்த சுமனும் முறைத்தான். கோசலா குசினிக்குள் திரும்பிப் போனாள். சவர்க்காரத்தைக் குழைத்துச் சிலிண்டரின் கழுத்தில் பூசினாள். நுரை குபுகுபுவென்று குமிழி விட்டுக் கிளம்பியது.

 சுமன் ரெகுலேட்டரை மூடிவிட்டுக் கதவுகளைத் திறந்துபோட்டான்.

"இவ்வளவு கேஸ் வந்திருக்கு. எங்களுக்கு எப்புடித் தெரியாமப் போச்சு?"

கோசலா தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். கொஞ்சம் யோசித்தாள்.

"வாசத்தப் புடிக்க மூக்குக்குள்ள விதவிதமா புரதம் இருக்குங்க. அதுகளச் செய்யச் சொல்றது மரபணு. கேஸ் நாத்தத்தப் புடிக்கிற மரபணு மட்டும் ஒங்க ரெண்டு பேருக்கும் பழுது போல. மாமிக்கும் தெரியல, ஒங்களுக்கும் தெரியல. ரத்தத்துல வர்றதுதானே..."

பேச்சு அங்கேயே நின்றது. மூவருக்கும் ஒரே நினைப்பு.

சுமனின் தங்கை நிரூபா மஸ்கெலியாவில் தேயிலைத் தோட்ட லயத்தில் ஒற்றைக் காம்பரா வீட்டில் கைப்பிள்ளையோடு இருந்தாள். புருஷன் கொழும்பில் கடை வேலை. ராகலைக் கடையொன்றில் ஒரே மாதிரி இரண்டு அடுப்பு, இரண்டு ரெகுலேட்டர் வாங்கி, ஒரு ஜோடியைத் தங்கைக்குக் கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுத்தவன் சுமன்தான்.

சுமன் அவளுக்குப் போன் அடித்தான். யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தான். பேச்சியம்மா வாய்க்குள் மாரியாத்தாளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் நிரூபா எடுத்தாள்.

"என்னாண்ணே காலங்காத்தால? புள்ளயக் குளிப்பாட்டச் சுடுதண்ணி வைக்கப் போறேன்."

"குசினில ஏதும் நாத்தம் அடிக்குதா நிரூபா?"

கேட்ட பிறகுதான், எந்த மூக்கிடம் கேட்கிறோம் என்று அந்த மடையனுக்கு உறைத்தது. அந்தப் பக்கம் உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஒரு நாத்தமும் இல்லண்ணே. நல்லாத்தான் இருக்கு."

பேச்சியம்மா போனைப் பிடுங்கினாள். "நெருப்பெட்டியக் கீழ போடுடி! புள்ளயத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடு! ஒண்ணும் கேக்காத, ஓடு!"

கதவு இடிபடும் சத்தம். பிள்ளை வீறிட்டது.

"வந்துட்டேம்மா. என்னான்னு சொல்லும்மா."

"பக்கத்துக் காம்பரா வீரம்மாவ வாசல்ல நின்னு மோந்து பாக்கச் சொல்லு. நீ உள்ள போவாத."

மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். பிள்ளையின் அழுகைதான் கேட்டது. பிறகு தூரத்தில் வீரம்மாவின் குரல்:

"அடிப் பாவி மகளே, வாசல்லயே மூக்க அடைக்குதே! பச்சப் புள்ளய வச்சுக்கிட்டு இதுக்குள்ளயா இருந்த?"

"எனக்கு ஒண்ணுமே தெரியலியேம்மா..." என்று நிரூபா போனில் அழுதாள்.

பேச்சியம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். ஒரு கை கோசலாவின் முந்தானையை இறுகப் பிடித்திருந்தது.

"எனக்குந்தான் தெரியல மகளே," என்றாள். "சொன்னவளையும் நான் நம்பல."