ஒன்பது தகர மாட்டிகள்

பாம்பனில் பாக்கர் முதலாளியின் சோடாக் கடையில் சவேரியாருக்குப் பாட்டில் கழுவுகிற வேலை. கழுவிய பாட்டிலை ஒவ்வொன்றாக வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். கீறல் தெரிந்தால் ஓரத்தில் கிடக்கும் உடைசல் பெட்டியில் போட்டுவிட வேண்டும். நல்ல பாட்டில்கள் மட்டும் நெய்னா முகம்மதுவின் பக்கம் போகும். காஸ் அடைக்கும் மிஷினைச் சுற்றுகிறவன் அவன்தான்.

1952ஆம் வருஷம், ஆடி அமாவாசைக்கு முந்தின நாள். ராமேஸ்வரம் போகும் ரயில்களில் நிற்க இடமில்லாத கூட்டம். கடைக்கு ஆர்டர் மேல் ஆர்டர். பாட்டில் பற்றவில்லை. காலை பத்து மணி வாக்கில் சவேரியார் தூக்கிப் பிடித்த ஒரு பாட்டிலில், கழுத்துக்குக் கீழே நகத்தால் இழுத்தது மாதிரி ஒரு கோடு தெரிந்தது. தண்ணீர்த் தடமாக இருக்கும் என்று துண்டால் துடைத்தார். கோடு போகவில்லை. உடைசல் பெட்டி ஏற்கெனவே நிறைந்து கிடந்தது. இன்னும் ஒரு தடவை தாங்கும் என்று நினைத்தார். அதை நல்ல பாட்டில்களோடு சேர்த்து நெய்னாவின் பக்கம் தள்ளினார்.

கால் மணி நேரத்தில் அது மிஷினில் வெடித்தது.

மிஷினைச் சுற்றுகிறவன் முகத்தில் கம்பிவலை கட்டியிருக்க வேண்டும். நெய்னா அந்த நேரம் பார்த்து வியர்வையைத் துடைப்பதற்காக வலையைக் கழற்றியிருந்தான். இரண்டு கண்ணும் போயின. மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்துப் பார்த்தார்கள். இனி பார்வை வராது என்று சொல்லி அனுப்பினார்கள். அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. ஜுனைதாவைக் கட்டி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது.

வலையைக் கழற்றியது அவன் தப்பு என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. முதலாளி அதைத்தான் சொன்னார். டீக்கடையிலும் அதே பேச்சு. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சவேரியார் வாயைத் திறந்தபோது, நெய்னா முந்திக்கொண்டான்.

"யாரைக் குத்தம் சொல்ல முடியும் அண்ணே? வலையைக் கழட்டுன்னு யாரு சொன்னா என்னைய? என் திமிருதான். என் நஸீபு."

சவேரியார் போர்வையை இழுத்து அவன் காலில் போர்த்தினார். நாளைக்குச் சொல்லலாம் என்று ஊருக்கு ரயிலேறினார். நாளாக ஆகச் சொல்வது கடினமாகிக்கொண்டே போனது. பெரிய வெள்ளிக்கு முன்னால் மாதா கோயில் சாமியாரிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனம் செய்தபோது அழுதுகொண்டே சொன்னார். "ஆண்டவர்கிட்டச் சொல்லிட்ட. இனி அந்த மனுசன்கிட்டயும் போய்ச் சொல்லணும்" என்றார் சாமியார். சவேரியார் தலையாட்டினார். ஆனால் போகவில்லை. அடுத்த வருஷம் பாவசங்கீர்த்தனத்துக்கும் போகவில்லை.

அதற்குப் பதில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசை முடிந்ததும் நெய்னா வீட்டுக்குப் போனார். கையில் கொஞ்சம் மீன் இருக்கும். ஜுனைதா "வாங்கண்ணே" என்று பாய் விரிப்பாள். நல்ல பெண். ஆனால் தண்ணீர்க் குடத்தோடு அலைந்து அலுத்துப்போன நேரங்களில் அவள் வாயிலிருந்து ஒரே பேச்சு வரும்: "முகத்துல கெடந்த வலை என்ன பாரமாவா இருந்துச்சு? அதைக் கழட்டாம இருந்திருந்தா நமக்கு இந்தக் கெதி வந்திருக்குமா?" நெய்னா பதில் பேசமாட்டான். தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைவான். எதிரே உட்கார்ந்து அதே சோற்றைச் சவேரியாரும் பிசைவார்.

கண் போவதற்கு முன்பே நெய்னாவுக்குப் பம்பு ஸ்டவ், பெட்ரோமாக்ஸ் விளக்கு பிரிக்கிற பழக்கம் உண்டு. அக்கம்பக்கத்தில் ஸ்டவ் எரியவில்லையென்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஒருநாள் சவேரியார் உள்ளே நுழைந்தபோது அவன் தரையில் முழங்கால் போட்டு, இரண்டு கையாலும் மண்ணைத் தடவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு ஸ்டவ் பிரிந்து கிடந்தது.

"அண்ணே, காலை நகட்டாதீக! நிப்பிளு விழுந்திருச்சு. மிதிச்சீகன்னா போச்சு."

"எவ்வளவு நேரமாத் தேடுற?"

"மத்தியானம் லுஹர் பாங்கு சொன்னதுலேருந்து தேடுறேன். கோளாறைக் கண்டுபுடிச்சு அரை மணி நேரத்துல சரி பண்ணிருவேன். சாமானைத் தேடுறதுலதான் பொழுது போகுது. வச்ச எடத்துல எதுவும் இருக்க மாட்டேங்குது."

அது சவேரியாரின் பெருவிரலை ஒட்டியே கிடந்தது, பயறு அளவுக்கு. எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். பிறகு வெளியே போய்ப் பனைமரத்தடியில் நின்று, நெஞ்சு அடங்கும்வரை அழுதுவிட்டு வந்தார்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த ஒரு சரக்குக் கிட்டங்கியின் முன்னால் பகலில் மட்டும் உட்கார்ந்துகொள்ள நெய்னாவுக்கு இடம் கிடைத்தது. அங்கே ஒரு தடித்த பலகை உண்டு. ஆனால் அதில் ஆணி அடிக்கக் கூடாது, சாயங்காலம் எதையும் விட்டுப் போகக் கூடாது என்பது கிட்டங்கிக்காரர் பேச்சு. அதனால் சவேரியார் யோசித்தது ஆணியில்லாமல் மாட்டுகிற சாமான். பிஸ்கட் டின்னை வெட்டி, ஓரத்தை மடித்துத் தட்டி, பலகையின் விளிம்பைக் கவ்வுகிற மாதிரி ஒரு கொக்கி. கொக்கிக்கு அடியில் கையால் முடுக்கும் ஒரு திருகு. முடுக்கினால் அசையாது. தளர்த்தினால் கையோடு வந்துவிடும்.

மூன்று மாதம் ஞாயிறு சாயங்காலமெல்லாம் அதில் போயிற்று. ஒன்றில் பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக அடித்து, ஸ்பேனரும் திருப்புளியும் செருக வைத்தார். ரிப்பேர் ஆன லவுட்ஸ்பீக்கரிலிருந்து ஒரு காந்தம் வாங்கி இன்னொன்றில் வைத்தார். ஸ்டவ் பின்கள் சிதறாமல் அதில் ஒட்டிக்கொண்டன. வாஷர், நிப்பிள் போடுகிற டின்களுக்கு உட்புறச் சுவரைச் சரிவாக வளைத்தார், விரலால் வழித்தால் ஒன்றொன்றாக மேலே வரட்டும் என்று. வெட்டிய விளிம்பையெல்லாம் அரம் போட்டு மழுக்கினார். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வெட்டுத்தடம் போட்டார். நெய்னா தடவிப் பார்த்து வரிசை தெரிந்துகொள்வான். மொத்தம் ஒன்பது. அதற்கு என்ன பேர் என்று யாருக்கும் தெரியாது. ஜுனைதா "மாட்டி" என்றாள். அதுவே பேராகிவிட்டது.

காலையில் ஜுனைதா பையில் கொண்டுவந்து வரிசையாக மாட்டுவாள். நெய்னா ஒருமுறை இடமிருந்து வலம் விரலை ஓட்டிப் பார்ப்பான். பிறகு அவன் கை எதையும் தேடாது. பம்பு அடித்து, காற்றுச் சத்தத்தைக் காதில் வாங்கி, எங்கே கசிவு என்று சொல்லிவிடுவான். பற்றவைத்துப் பார்க்க மட்டும் ஜுனைதா. கல்யாண வீட்டு விளக்கும் கடல் தொழில் விளக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம் மண்டபம் ஊரிலிருந்துகூட வர ஆரம்பித்தன.

"சவேரியாரு மாதிரி ஒரு கூட்டாளி யாருக்கு வாய்க்கும்?" என்று ஊர் சொல்லியது. அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் சவேரியார் வேறு தெருவில் திரும்பிப் போனார்.

1957இல், வளர்ச்சித் திட்ட அதிகாரி ஒருவர் ரயிலுக்குக் காத்திருந்த நேரத்தில் அந்தப் பலகையைப் பார்த்தார். ஒவ்வொரு மாட்டியாகக் கழற்றிப் பார்த்து, மறுபடி மாட்டினார். அடுத்த மாதம் ராமநாதபுரத்தில் நடந்த கைத்தொழில் கண்காட்சியில் ஒன்பதையும் ஒரு மேஜையில் வைத்தார்கள். சவேரியாருக்குச் சான்றிதழ் என்றார்கள். நெய்னாவும் கூடவே வந்தான். மேடையில் அவனை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"வேலை செய்யுற எடத்துல திமிரா இருந்தேன். முகத்துல கட்ட வேண்டியதைக் கழட்டுனேன். அல்லா கண்ணை எடுத்துக்கிட்டான். எந்தத் தப்பும் பண்ணாத இந்த அண்ணன் எனக்காக ஒக்காந்து தகரம் வெட்டுனாரு" என்றான் நெய்னா.

எல்லோரும் கை தட்டினார்கள். சவேரியார் சான்றிதழை வாங்கினார்.

திரும்பும்போது ராமநாதபுரம் ஸ்டேஷன் பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல வெயில். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. மாட்டிப் பை நெய்னாவின் மடியில்.

"நெய்னா, அந்தப் பாட்டில்ல கீறல் இருந்துச்சு."

"எந்தப் பாட்டில்ல?"

"ஒன் கண்ணை எடுத்த பாட்டில்ல. நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் ஒம்பக்கம் தள்ளுனேன்."

நெய்னா பையின் கயிற்றை விரலில் சுற்றினான். அவிழ்த்தான். மறுபடி சுற்றினான்.

"கீறல் எங்கன இருந்துச்சு?"

"கழுத்துக்குக் கீழ."

"எம்புட்டு நீளம்?"

"ஒரு நகத்தளவு."

"தண்ணித் தடமா இருக்கும்னு நெனச்சீகளோ?"

"இல்ல. தொடச்சுப் பார்த்தேன். போகல."

"அப்ப தெரிஞ்சுதான்."

"தெரிஞ்சுதான்."

ஒரு கூட்ஸ் வண்டி சத்தம் போட்டுக்கொண்டு கடந்து போனது. பிறகு நெய்னா முகத்தைத் திருப்பாமலே சொன்னான்.

"வலையைக் கழட்டுனது என் தப்பு. அதை நான் இல்லைங்கல. ஆனா பாதிதான் என்னுது. அஞ்சு வருசமா முழுசையும் நான் சொமந்தேன். தொழுகையில குனியுறப்பல்லாம், நீ குடுத்த கண்ணை நானே கெடுத்துக்கிட்டேன்னு அல்லாட்ட அழுதேன். ஜுனைதா பேசுனதுக்கெல்லாம் வாயைத் தெறக்கல. பக்கத்துல ஒக்காந்து அத்தனையும் கேட்டீக, இல்ல?"

"கேட்டேன்."

"கேட்டுட்டுப் போய்த் தகரம் வெட்டுனீக."

ரயில் வந்தது. எப்போதும் சவேரியாரின் தோளைப் பிடித்து ஏறுகிறவன், அன்று அந்தப் பக்கமாக வந்த யாரோ ஒருவரைக் கூப்பிட்டு, "கொஞ்சம் ஏத்தி விடுங்க பாய்" என்றான். பாம்பனில் இறங்கியதும் மட்டும் பேசினான்.

"வீட்டுக்கு வாங்க. ஜுனைதாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா, அவ பேச்சுக்குத் தப்பிக்கக் கட்டிச் சொல்றேன்னு நெனப்பா."

ஜுனைதா முற்றத்தில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். சவேரியார் நின்றபடியே சொன்னார். அவள் முதலில் அவரைப் பார்க்கவில்லை. புருஷனைத்தான் பார்த்தாள். கையைக் கழுவக்கூட மறந்து எழுந்து போய் அவன் முன்னால் உட்கார்ந்தாள்.

"நான் என்னென்ன பேச்செல்லாம் பேசுனேன்" என்றாள். "ஒரு வார்த்தை எதுத்துப் பேசுனீகளா? ஒரு வார்த்தை?"

நெய்னா அவள் தலையில் கை வைத்தான். வெகுநேரம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சவேரியாரின் பக்கம் திரும்பினாள்.

"ஒங்களுக்கு என் கையால சோறு போட்டேன். அண்ணேன்னு கூப்புட்டேன். அது கெடக்கட்டும். இந்த ஊருல எத்தனை பேரு இவுகளைத் திமிரு புடிச்சவருன்னு பேசுனாக? அத்தனை பேருகிட்டயும் போய் நடந்ததைச் சொல்லுங்க. ஒருத்தரு விடாமச் சொல்லுங்க. சொல்லிட்டு இங்கன வர வேண்டாம்."

அன்று வீட்டில் மனைவி லீமாரோஸிடம் முதலில் சொன்னார். "ஒரே பாயில படுத்துக்கிட்டு என்கிட்டகூடச் சொல்லலையே" என்று அவள் எழுந்து உள்ளே போனாள். மறுநாள் பாக்கர் முதலாளியிடம் சொன்னார். முதலாளி, "நாளையிலேருந்து மூட்டை தூக்குற வேலைக்கு வா. பாட்டில்ல கை வைக்காத" என்றார். டீக்கடையில் சொன்னார். படகுத்துறையில் சொன்னார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தவர்களிடம் பள்ளிவாசல் வெளியே நின்று சொன்னார். ஒருவர் காறித் துப்பினார். ஒருவர், "முடிஞ்சதை ஏன்ப்பா கெளறுற, போ" என்றார். துப்பியவரைவிட இப்படிச் சொன்னவர் முன்னால் நிற்பதுதான் சவேரியாருக்குக் கஷ்டமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் சொல்லும்போது சாமியார் தூணோரம் நின்று கேட்டுவிட்டு உள்ளே போனார். எட்டு நாள் ஆயிற்று எல்லோரிடமும் சொல்லி முடிக்க. சான்றிதழைத் தபாலில் அதிகாரிக்குத் திருப்பி அனுப்பினார். பதில் வரவில்லை.

சொல்லி முடித்தால் நெஞ்சு லேசாகும் என்று எதிர்பார்த்திருந்தார். அப்படி ஆகவில்லை. முன்பு ஞாயிற்றுக்கிழமை போக ஒரு வீடு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. கிட்டங்கிப் பக்கம் போக நேர்ந்தால் தூரத்திலேயே நின்று பார்ப்பார். நெய்னா அதே மாட்டிகளை வைத்துத்தான் வேலை செய்துகொண்டிருந்தான். வீசி எறிந்திருப்பான் என்று நினைத்திருந்தார். அப்படி எறிந்திருந்தாலாவது கொஞ்சம் ஆறியிருக்கும் என்றும் தோன்றியது.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் மத்தியானம் நெய்னாவும் ஜுனைதாவும் சவேரியார் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். நெய்னா கையில் நான்காவது மாட்டி.

"திருகு தேஞ்சு வழுக்குது. தகரக் கடையில குடுத்தேன். அவரு மாத்துன திருகுல மாட்டி சாஞ்சு போகுது. அளவு ஒங்களுக்குத்தான் தெரியும்."

சவேரியார் கை நீட்டி வாங்கினார். "உள்ள வா நெய்னா" என்றார்.

"இங்கனயே நிக்கிறேன். நான் மன்னிச்சிட்டதா நெனச்சுக்கிராதீக அண்ணே. வேலை நிக்குது, அதான் வந்தேன்."

"சரி."

அரை மணி நேரம் ஆயிற்று. லீமாரோஸ் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். நெய்னா வாங்கிக் குடித்தான். ஜுனைதா லீமாரோஸிடம் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எப்படி என்று கேட்டாள். சவேரியார் புதுத் திருகைப் போட்டு, ஒரு பலகைத் துண்டில் மாட்டி அவன் கையில் கொடுத்தார். நெய்னா ஆட்டிப் பார்த்தான். விளிம்பில் விரல் வைத்துத் தடவினான். "சரியா இருக்கு" என்று சொல்லி ஜுனைதாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

அதன் பிறகு வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை ஏதாவது ஒரு மாட்டியோடு வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டுக்குச் சவேரியார் போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. ஜுனைதா லீமாரோஸிடம் நன்றாகப் பேசுவாள். சவேரியாரிடம் மட்டும் பேசமாட்டாள். அவரும் அதை எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டார்.