மூக்கில்லாத சிலை

பழைய நிர்வாகக் கட்டடத்தை இடித்தபோது, அதன் உச்சியில் நின்ற நான்கு கல் பெண்களை மட்டும் பத்திரமாக இறக்கி ஊர்க்கோடிக் கிடங்கில் போட்டார்கள். நீதி, உழைப்பு, வளம், உண்மை. பெயர்களைப் பீடத்தில்தான் வெட்டியிருந்தார்கள். பீடங்களோ கட்டடத்தோடு தூளாகிவிட்டன. யார் யார் என்பது கிடங்குக் காவல்காரருக்கும் அவர் மனைவிக்கும்தான் தெரியும்.

சிலைகள் இருக்கும்வரை காவல். காவல் இருக்கும்வரை கிடங்கை ஒட்டிய அந்த ஒற்றை அறை. கடைசிச் சிலையும் போனால் இருவரும் தெருவுக்கு வரவேண்டியதுதான்.

முதலில் வளம் ஒரு நகைக்கடைக்குப் போனாள். உழைப்பு, பணக்கார விடுதி ஒன்றின் நீச்சல் குளத்தருகே போய்ச் சேர்ந்தாள். நீதியை ஒரு முன்னாள் மந்திரி சிபாரிசு பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார். உண்மை மட்டும் மிஞ்சினாள். மூக்கு போயிருந்தது; கையில் ஏந்திய கண்ணாடியும் உடைந்து வெறும் பிடிதான் மிச்சம். யாரும் சீந்தவில்லை. காவல்காரரின் மனைவிக்கு அவள்மேல் உயிர். அந்தச் சிலையின் கழுத்தில்தான் துணிக்கொடி கட்டியிருந்தாள்.

ஒருநாள் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்தார்.

"நாலுல ஒண்ணு உண்மையாமே? எங்க ஆபீஸ் வாசல்ல வெக்கணும். இதுதானே?"

காவல்காரர் வாய் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"ஐயோ, இது அவ இல்லைங்க. இது சோம்பல்."

"சோம்பலா? அரசாங்கக் கட்டடத்துல சோம்பலுக்கு யாரும்மா சிலை வெப்பாங்க?"

"அந்த ஆபீசுக்கு ஏதாவது வேலையா நீங்க போனதே இல்லையா சார்?"

அவர் யோசித்தார். முகம் மாறியது. "கையில என்னம்மா?"

"விசிறிங்க. காம்பு மட்டும் நிக்குது."

இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"அடிப்பாவி, கூசாம புளுகுறியே!" என்றார் காவல்காரர்.

"உங்க வாயை நம்பியிருந்தா இந்நேரம் ரோட்டுல நின்னிருப்போம். போய்ச் சாப்பிடுங்க."

இரண்டே நாளில் பத்திரிகையில் பெரிய படம்: 'அரசு மறைத்த சோம்பல் சிலை.' ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாள் காலை கிடங்குக்குப் பொறுப்பான அதிகாரி சம்மட்டிக்காரர்களோடு வந்து இறங்கினார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"மானமே போச்சு. உடைங்கப்பா!"

காவல்காரரின் மனைவி குறுக்கே ஓடிவந்தாள். "சார், சார்! நான்தான் பொய் சொன்னேன். இது சோம்பல் இல்ல, உண்மை. கையில இருந்தது கண்ணாடி!"

"பேப்பர்லயே வந்தாச்சு. நீ என்னம்மா புதுசா கதை விடற?"

"ஏங்க, நீங்களாவது சொல்லுங்களேன்!"

"ஆமா சார், அவ சொல்றதுதான் சரி."

"புருஷனும் பொண்டாட்டியும் பேசி வெச்சிருக்கீங்களா? தள்ளி நில்லுங்க."

சம்மட்டி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் முற்றத்தில் வெறும் கல் குவியல். அவள் உள்ளே போய்ப் பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கினாள்.

வண்டியில் ஏறப்போன அதிகாரியிடம் காவல்காரர் கையைப் பிசைந்தார். "சார், அப்ப நாங்க எப்ப காலி பண்ணணும்?"

"யாரு காலி பண்ணச் சொன்னா? உடைக்கத்தான் ஆர்டர். அள்ளுறதுக்குத் தனியா ஆர்டர் வரணும். அதுவரைக்கும் இது அரசாங்கச் சொத்து. ஒரு கல்லு குறைஞ்சாலும் உன்னைத்தான் பிடிப்பேன்."

"அந்த ஆர்டர் எப்ப சார் வ..."

உள்ளிருந்து ஓடிவந்து அவள் கணவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சும்மா இருங்க! நீங்க கேட்டுக் கேட்டு, யாராவது ஞாபகம் வந்து அனுப்பித் தொலைக்கப் போறாங்க."