கரடி படம் போட்ட கோப்பு

மூட்டை தூக்கித் தூக்கி வலது தோள் இற்றுப்போன பிறகு, குடோன்காரர்கள் அவளை எடைமேடை அறையில் உட்கார வைத்தார்கள். லாரி மேடையில் ஏறி நின்றால் கம்ப்யூட்டரில் எடை விழும். வண்டி எண்ணைத் தட்டி, சீட்டை அச்சடித்து, ஜன்னல் வழியாக டிரைவரிடம் நீட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அவள் எழுதப் படிக்கக் கற்றதே தலை நரைக்க ஆரம்பித்த பிறகு. அந்த நாலு எழுத்துதான் இன்று நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறது. கம்ப்யூட்டர் அவள் கையில் படுத்துவிட்டால் நாற்காலியும் போய்விடும். மறுபடியும் மூட்டைக்கு அடியில் தோளைக் கொடுக்க வேண்டும். அந்தத் தோளோ இப்போது ஒரு துணிப்பையைக்கூட ஏற்க மறுக்கிறது.

மதியம் சூப்பர்வைசர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

“ஏம்மா, குரூப்புல வந்திருக்கு பாரு. எல்லா குடோனும் அலறுது.”

அவள் எழுத்தெழுத்தாகப் படித்தாள். கம்ப்யூட்டருக்குள் கரடி படம் போட்ட கோப்பு ஒன்று இருந்தால் அது வைரஸ். எந்த ஸ்கேனிலும் சிக்காது. சீக்கிரமே எல்லாவற்றையும் தின்றுவிடும். உடனே அழியுங்கள், தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புங்கள். கீழே கோப்பின் பெயர், வாயில் நுழையாத பெயர்.

தேடும் கட்டத்தில் அந்தப் பெயரைத் தட்டினாள். வந்து நின்றது. பக்கத்தில் நகத்தளவு கரடி ஒன்று அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“ஐயோ அக்கா, உள்ளேயே குடியிருக்கு! அழிச்சுத் தள்ளு!” என்றான் கொக்கி. மூட்டை இழுக்கும் கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டே திரிவதால் வந்த பெயர். லோடு இல்லாத நேரமெல்லாம் அவன் இந்த ஜன்னலில்தான் தொங்குவான்.

“நீ சும்மா இருடா. சொந்தக்காரனப் பார்த்த மாதிரி குதிக்காத.”

“அழிச்சிடும்மா” என்றார் சூப்பர்வைசர். “மத்தவங்க எல்லாம் அழிச்சாச்சு. வச்சிருந்து ஏதாவது ஆச்சுன்னா மேல என்னைக் கேப்பாங்க. நான் உன்னைக் கேப்பேன்.”

“அழிச்சு ஏதாவது ஆச்சுன்னா?”

“அப்பவும் உன்னைத்தான் கேப்பேன்.”

“எப்படிப் பார்த்தாலும் என் தலைதானே. அப்ப நான் பார்த்துட்டுக் கொடுக்கிறேன் சார்.”

முதலில் ஸ்கேன் போட்டாள். கோடு மெதுவாக நகர்ந்து முடிந்தது. குற்றம் ஒன்றுமில்லை.

“சிக்காதுன்னுதான் அதுலயே போட்டிருக்கே அக்கா!”

“எதுலயும் சிக்காததுன்னா, இத எழுதினவனுக்கு மட்டும் எப்படிடா சிக்குச்சு? பக்கத்துல வந்து காதுல சொல்லிச்சா?”

சூப்பர்வைசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்ப கரடி விடுறாங்கங்கிறியா?”

“யாரோ ஒருத்தர் விட்ட கரடிய எல்லாருமா சேர்ந்து ஓட்டிக்கிட்டுப் போறாங்க.”

பேச்சில் ஜெயித்துவிட்டால் போதுமா? அவளுக்கு அந்த மயக்கம் இல்லை. குடோனில் கேட்பாரற்ற மூட்டை ஒன்று கிடந்தால் என்ன செய்வார்கள்? எந்த அடுக்கில் கிடக்கிறது, எந்த லோடில் வந்தது, யார் முத்திரை குத்தியிருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். அவளும் அதையே செய்தாள். கரடியின் மேல் வலது பொத்தானை அமுக்கி, அதன் விவரத்தைத் திறந்தாள்.

கம்ப்யூட்டரை ஓட்டும் கோப்புகள் அடுக்கியிருக்கும் அதே இடத்தில்தான் கரடியும் இருந்தது. கண்ட கண்ட டவுன்லோடு வந்து விழும் மூலையில் இல்லை. தேதியும் பக்கத்துக் கோப்புகளின் தேதியே, ஒரே லோடு. கையெழுத்து என்ற இடத்தில், அந்த அடுக்கு முழுவதையும் செய்த கம்பெனியின் பெயர். கையெழுத்து செல்லும் என்றும் கீழே போட்டிருந்தது.

“முத்திரையையே போலியா குத்த மாட்டாங்களா?” என்று கேட்டார் சூப்பர்வைசர். நியாயமான கேள்விதான். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“சார், உங்க ரூம்ல மேஜைக்கு அடியில ஒரு கம்ப்யூட்டர் பெட்டி பிரிக்காம கிடக்கே?”

“இது மக்கர் பண்ணா மாத்துறதுக்கு வாங்கினது. இதோட ஜோடி.”

“அதை நெட்டுல மாட்டாம தொறந்து பார்ப்போம். வெளிக்காத்தே படாத கம்ப்யூட்டர். வைரஸ்னா அதுக்குள்ள எப்படிப் போகும்?”

கொக்கி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பிளாஸ்டிக் உறை மணக்க மணக்கப் பிரித்து, மின்சாரம் கொடுத்து, அதே பெயரைத் தேடினாள். அதே அடுக்கு. அதே கரடி.

அவளுக்கு அதுவும் போதவில்லை. எடை போடுகிறவள் அல்லவா? உள்ளே எதையாவது திணித்திருந்தால் மூட்டை எடையில் காட்டிக்கொடுக்கும். இரண்டு கரடிக்கும் நேராக எழுதியிருந்த அளவைக் கடைசி இலக்கம் வரை விரல் வைத்துச் சத்தமாகப் படித்தாள். கொக்கி மூச்சு விடாமல் கேட்டான். ஒரு குண்டுமணி வித்தியாசம் இல்லை.

“இது நம்ம வீட்டுப் பிள்ளைதான் சார். கம்ப்யூட்டரோடவே வந்தது. நான் அழிக்க மாட்டேன்.”

“நாளைக்கு மேடை நின்னுடுச்சுன்னா மறுபடி மூட்டைதாம்மா. என்னால காப்பாத்த முடியாது.”

“தெரியும் சார். தெரிஞ்சுதான் சொல்றேன்.”

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு போனை மேஜைமேல் வைத்தார். “அப்ப குரூப்புல நீயே போட்டுடு. எனக்கு இத விளக்க வராது.”

அந்தக் குரூப்பில் அவள் இதுவரை ஒரு வார்த்தை எழுதியதில்லை. ஒற்றை விரலால் தட்டினாள். கரடியை நான் அழிக்கவில்லை. பெட்டி பிரிக்காத கம்ப்யூட்டரிலும் அதே கரடி அதே அளவில் இருக்கிறது. கம்பெனி கையெழுத்தும் இருக்கிறது. நீங்களும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இப்படிக்கு எடைமேடை.

அனுப்பிவிட்டு மூவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு குடோனிலிருந்து வந்தது: அழித்துவிட்டவர்கள் என்ன செய்வது? அடுத்த குடோனிலிருந்தும் அதே கேள்வி. அதற்கடுத்து ஒருவர் கைகூப்பிய படம் மட்டும் போட்டிருந்தார்.

“போச்சு, இனி ஊர்க் கரடியெல்லாம் உன் தலையிலதான் அக்கா!” என்று கொக்கி ஜன்னலைத் தட்டிச் சிரித்தான்.

வெளியே லாரி ஒன்று மேடையில் ஏறி ஹாரன் அடித்தது. அவள் இடது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, கொஞ்சம் பொறு என்று காட்டினாள். வலது கை விரல் தட்டிக்கொண்டிருந்தது: முதலில் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் குப்பைத்தொட்டியைத் திறந்து பாருங்கள். அதைக் காலி செய்யாமல் இருந்தால் கரடி அங்கேதான் கிடக்கும். எடுத்துப் பழைய இடத்தில் விடுங்கள். காலி செய்துவிட்டவர்கள் கம்ப்யூட்டர் வாங்கிய இடத்தில் கேளுங்கள். முன்பின் தெரியாதவர் அனுப்பும் கரடியை மட்டும் வாங்காதீர்கள்.