தனித்தனிக் கவர்

மருந்துக்கடைக்காரருக்குச் சுத்தம் என்றால் உயிர். தொற்று பரவிய நாளிலிருந்து அவர் நோட்டைக் கையால் தொட்டதில்லை. போனில் காசு அனுப்பினால் மருந்து, இல்லையென்றால் நடையைக் கட்ட வேண்டியதுதான். அடேயப்பா, என்ன சுத்தம்!

அன்றைக்கு மீன்காரி கேட்டது காய்ச்சல் மருந்து ஒன்றுதான். ஆறு வயது மகளுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. அவளிடம் போன் கிடையாது. அவள் நீட்டிய நோட்டை அவர் இடுக்கியால் பிடித்துச் சாக்கடையோரம் போட்டார்.

"உன் காசுலதான் நோயே இருக்கு. போன்ல அனுப்பு, இல்லேன்னா வேற கடை பாரு."

வேறு கடை பாலத்துக்கு அப்பால் இருந்தது. ஓடிப்போய் வாங்கி வருவதற்குள் குழந்தைக்கு வலிப்பு வந்துவிட்டது. எப்படியோ பிழைத்தாள். இடது காதுதான் கேட்காமல் போய்விட்டது.

ஆனால் அன்று நோட்டைப் பொறுக்கிக்கொண்டு நிமிர்ந்தவள் இன்னொன்றையும் பார்த்திருந்தாள். போனில் காசு கட்டிய ஆளுக்கு மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுக்க, மனிதர் மாஸ்க்கை இறக்கினார், விரலை நாக்கில் தொட்டார், ஒட்டிக்கிடந்த காகிதக் கவரைப் பிரித்தார். முப்பது வருஷப் பழக்கம். அவருக்கே தெரியாமல் கை செய்துவிடுகிற வேலை.

கம்மலை விற்றுப் போன் வாங்கினாள். காசு அனுப்பப் பழகிக்கொண்டாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

'பணம் தொடாத கடை' என்று பாராட்டுப் பலகை கொடுக்கச் சுகாதார அதிகாரி வந்தார். கடை முன்னால் கூட்டம், காமிரா, மாலை எல்லாம் அமர்க்களம். யாருக்காவது மருந்து கொடுப்பதைப் படம் பிடிக்கலாம் என்றார் அதிகாரி. மகளைக் கையில் பிடித்தபடி மீன்காரி முன்னால் போய் நின்றாள். தலைவலிக்கு இரண்டு, சளிக்கு இரண்டு, வயிற்றுவலிக்கு இரண்டு, எல்லாம் தனித்தனிக் கவரில் வேண்டும் என்றாள். போனிலேயே காசும் அனுப்பினாள். கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் கவர் எப்படியோ பிரிந்தது. இரண்டாவது ஒட்டிக்கொண்டது. மாஸ்க் இறங்கியது, விரல் நாக்குக்குப் போனது. மூன்றாவதுக்கும் போனது. காமிரா அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தது.

அதிகாரியின் முகம் சுண்டிவிட்டது. பலகை வந்த வண்டியிலேயே திரும்ப ஏறியது. கடைக்கு ஒரு மாதம் பூட்டு என்று அங்கேயே எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்.

கடைக்காரர் கவர்களை நீட்டியபடியே மலைத்துப்போய் நின்றார். மீன்காரி கை நீட்டவில்லை.

"வேணாம்ணே. அதுல உங்க எச்சில் இருக்கு. நான் வேற கடை பாத்துக்கறேன்."

அப்போதுதான் அவருக்கு இடுக்கி ஞாபகம் வந்தது. குழந்தை அம்மாவை அண்ணாந்து பார்த்தது.

"என்னம்மா சொன்னே? எனக்குக் கேக்கல."

மீன்காரி மகளின் வலது பக்கம் வந்து குனிந்து, தெரு முழுக்கக் கேட்கும்படி அதையே இன்னொரு தடவை சொன்னாள்.