கல்லுக்கு அடியில் ஒரு விரல் கலவை

லாரி நின்றுவிட்டது, அதில் யாருக்கும் ஐயமில்லை. ஏழாயிரத்து இருநூறு கிலோ எடையுடன், மணிக்கு அறுபத்து நான்கு கிலோமீட்டர் வேகத்தில், ஓட்டுநர் இல்லாமல் இழுவைக் கம்பியின் பிடியில் ஓடிவந்த அது, சோதனைத் தளத்தின் குறுக்கே நிறுத்தியிருந்த ஒன்பது கான்கிரீட் கட்டைகளின் மீது மோதி, முகத்தை மடித்துக்கொண்டு, பின்சக்கரங்களை ஒரு முறை தூக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தது. டீசலுக்குப் பதிலாகத் தொட்டியில் நிரப்பியிருந்த தண்ணீர் தளமெங்கும் ஓடியது. கண்ணாடி மறைப்புக்குப் பின்னாலிருந்து கைதட்டல் கேட்டது. முதலில் தட்டியவர் கட்டைகளைச் செய்து விற்கும் கம்பெனிக்காரர்; மற்றவர்கள் மரியாதைக்காகத் தட்டினார்கள்.

மில்லி தட்டவில்லை. அவளுடைய உண்மைப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் வாழ்ந்துவந்தது. எந்த நீளத்தையும் மில்லிமீட்டர் வரை சொல்லி முடிக்காமல் வாயை மூடமாட்டாள் என்பதால் தளத்தில் எல்லோருக்கும் அவள் மில்லி. அளவை அதிகாரி. அவள் கையெழுத்து இல்லாமல் இந்தத் தளத்திலிருந்து ஓர் அறிக்கையும் வெளியே போகாது.

நாடாவை இழுத்தாள். அளப்பது லாரியின் மூக்கிலிருந்து அன்று. மூக்கு நசுங்குவதற்கென்றே இருப்பது. சரக்குத் தட்டின் முன்விளிம்பு, கட்டைகளின் முகப்புக் கோட்டைத் தாண்டி எவ்வளவு தூரம் உள்ளே வந்து நின்றது என்பதே கேள்வி. கெட்ட எண்ணத்தோடு கூட்டத்துக்குள் லாரியை விடுகிறவன் தன் வெடிச்சுமையை அங்கேதான் வைத்திருப்பான்.

"எவ்வளவு மேடம்?" என்றார் மேலாளர்.

"எழுநூத்திப் பன்னண்டு."

"முக்கால் மீட்டர்கூட இல்ல!" கம்பெனிக்காரர் மேலாளரின் தோளில் தட்டினார். "திங்கக்கிழமை கட்டையெல்லாம் சந்தை முனையில எறங்கிடும் சார். நிழற்குடைக்கு ஒரு மீட்டர் முன்னாடி. வரைபடமே போட்டாச்சு."

மில்லி அந்த வரைபடத்தைப் பார்த்திருந்தாள். கட்டை வரிசை, அதற்குப் பின்னால் ஒரு மீட்டர் நடைபாதை, அதற்குப் பின்னால் பேருந்துக்குக் காத்திருப்போர் உட்காரும் நீள இருக்கை. சட்டையின் தையலைப் போல நெருக்கமான வரைபடம்.

அவளுக்கு உறுத்தியது எண் அன்று, எண்ணின் சிறுமை. இதுவரை முப்பத்தொரு மோதல்களை அளந்திருக்கிறாள். தரையில் புதைக்காமல் சும்மா வைக்கும் கட்டைகள் நகர்ந்துதான் லாரியை நிறுத்தும். நடுக்கட்டை தள்ளப்படும், அதனோடு இரும்புக் கம்பியால் கோத்த பக்கத்துக் கட்டைகளையும் இழுக்கும், இரண்டிரண்டு டன் எடை தரையை உரசி உரசி வேகத்தைத் தின்னும். தளத்தில் வெள்ளை வெள்ளையாகக் கீறல்கள் விழும். இங்கே நடுவில் இரண்டு கட்டைகள் உடைந்திருந்தன. ஓரத்துக் கட்டைகள் கல்யாணப் படத்துக்கு நிற்பவர்கள்போல் இம்மியும் அசையாமல் நின்றன. கீறலே இல்லை.

முழங்காலிட்டுக் குனிந்து, வீட்டுச் சாவியால் ஒரு கட்டையின் அடியைச் சுரண்டினாள். சாம்பல் நிறத் தூள் உதிர்ந்தது. சிமெண்ட் கலவை, ஒரு விரல் கனம். பிதுங்கிய விளிம்பு கட்டைவிரலால் சாய்வாக இழுத்துவிடப்பட்டிருந்தது. அந்த இழுப்பை அவள் அறிவாள். அவளுடைய வீட்டுச் சமையல் மேடையின் ஓரத்திலும் குளியலறைப் படியிலும் அதே கட்டைவிரல் ஓடியிருக்கிறது.

அண்ணன்.

ஆறு மாதம் வேலையில்லாமல் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அவனை இந்தத் தளத்தில் கொத்தனாராகச் சேர்த்துவிட்டதே அவள்தான். இரண்டு நாளுக்கு முன் கட்டைகளை இறக்கி வைத்தவன் அவன். தரை சற்றே மேடுபள்ளம். கல் ஆடியிருக்கும். ஆடுகிற கல்லை அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போகிற ஆள் இல்லை அவன்.

மில்லி எழுந்தாள். "சார், அடியில கலவை போட்டிருக்கு. கட்டை தரையோட ஒட்டிக்கிட்டு நின்னிருக்கு. இந்தச் சோதனை செல்லாது."

மேலாளர் அவள் காட்டிய தூளைப் பார்த்தார், கம்பெனிக்காரரைப் பார்த்தார். "மட்டம் பாக்கறதுக்குக் கொஞ்சம் பூசியிருப்பாங்க. இதப் போயி…"

"அறிக்கையில 'தரையுடன் இணைப்பு: இல்லை'ன்னு இருக்கு. அதுக்குக் கீழதான் நான் கையெழுத்துப் போடணும்."

"இருங்க, பேசிக்கலாம்." பேசிக்கலாம் என்றவர் அவளிடம் பேசவில்லை, கிரேனை நோக்கிக் கையசைத்தார். "கட்டையெல்லாம் தூக்குப்பா! தரையைக் கழுவி விடுங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் அடுத்த சோதனை இருக்கு."

கழுவிவிட்டால் கலவை இருந்ததற்கு அவள் வாய் மட்டுமே சாட்சி. கேமரா அவள் மேசையில், நூறடி தொலைவில் இருந்தது. கிரேனின் கொக்கி பத்தடி உயரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. மில்லி கணக்குப் போட்டாள். பிறகு கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டையின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"மேடம், என்ன இது? எறங்குங்க."

"கேமரா வரட்டும். ஒவ்வொரு கட்டையாத் தூக்கணும். அடியைப் படம் எடுத்த பிறகுதான் தண்ணி."

"இது ஆபீஸா, பஸ் ஸ்டாண்டா?"

"பஸ் ஸ்டாண்டுக்காகத்தான் சார் உக்காந்திருக்கேன்."

கொக்கி அவள் தலைக்கு மேல் வந்து நின்றது. கிரேன்காரர் எட்டிப் பார்த்தார். "அக்கா, நீங்க எவ்வளவு எடை?"

"அம்பத்தெட்டு புள்ளி மூணு."

"கல்லோட சேத்து என் கிரேன் தாங்கும். என் மனசு தாங்காது." இன்ஜினை அணைத்துவிட்டு வெற்றிலைச் சீவலைப் போல எதையோ மெல்லத் தொடங்கினார்.

மேலாளர் கிட்டே வந்தார். குரல் தாழ்ந்தது. "கலவை போட்டது யாருன்னு விசாரணை வரும். வந்தா யாரு வேலை போகும்? யோசிச்சீங்களா?"

யோசித்திருந்தாள். ஏறி உட்காரும்போதே யோசித்திருந்தாள். அண்ணி இனி தன்னோடு பேசும் தொனிவரை யோசித்தாகிவிட்டது. ஆனால் அந்த நீள இருக்கையில் யாராவது உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, பேருந்து வருகிறதா என்று திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் கால்கள் இருக்கும் இடத்துக்கு அவள் கையெழுத்து 'வராது' என்று சொல்லும். லாரி வரும்.

"யோசிச்சாச்சு சார். கேமரா."

அதற்குள் செய்தி கிடங்குவரை போய்விட்டது. அண்ணன் கரணையைக் கையில் பிடித்தபடியே வேகமாக வந்தான்.

"ஏய் பாப்பா! எறங்குடி கீழே. ஊரே பாக்குது."

"நீ கலவை போட்டியா?"

"போட்டேன். அதுக்கென்ன? ரசமட்டம் வச்சுப் பாத்தேன், ஆடுச்சு. நான் வச்ச கல்லு ஆடிட்டு நிக்கறதா?"

"ஆடணும் அண்ணா. ரோட்டுல கிரேன் இதை வச்சுட்டுப் போயிடும். அங்க நீ கரணையோட நிக்க மாட்டே. ஆடிக்கிட்டேதான் நிக்கும்."

அண்ணன் லாரியைப் பார்த்தான். மடிந்து கிடந்த அதன் முகத்தைப் பார்த்தான். அசையாத ஓரக் கட்டைகளைப் பார்த்தான். விஷயம் படிப்படியாகப் புரிவது அவன் முகத்தில் தெரிந்தது.

"அப்போ… லாரியை நிறுத்துனது இந்தக் கட்டை இல்லையா?"

"பாதிக்கு மேல உன் கலவை."

"என் கலவையா?" ஒரு கணம், ஒரே கணம், அவன் நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த கணம் கரணையைத் தாழ்த்தினான். "அடக் கடவுளே. ரோட்டுல அது இருக்காதே."

"அதான் உக்காந்திருக்கேன்."

மேலாளர் குறுக்கிட்டார். "கொத்தனாரே, நீங்களாவது உங்க தங்கச்சிக்குப் புத்தி சொல்லுங்க. உங்க நல்லதுக்குத்தான்."

அண்ணன் கரணையை இடுப்பில் செருகினான். "அவளுக்கு அஞ்சு வயசுலேர்ந்து சொல்லிப் பாத்துட்டேன் சார், ஏறலை. நீங்க எழுதிக்கங்க. கலவை போட்டது நான். யாரும் சொல்லலை, நானாப் போட்டேன்." சொல்லிவிட்டு, அடுத்த கட்டையின் மேல் ஏறி உட்கார்ந்தான். பழக்கத்தால் உள்ளங்கையால் அதைத் தட்டிப் பார்த்தான். ஆடவில்லை. எரிச்சலோடு கையை எடுத்துக்கொண்டான்.

கேமரா வந்தது. ஒன்பது கட்டைகளையும் தூக்கி ஒன்பது அடிகளையும் படம் எடுத்து முடிக்க மூன்று மணி ஆயிற்று. கம்பெனிக்காரர் சிரிப்பை விடாமல், "இதுக்கா இவ்வளவு? கலவை இல்லாமலும் என் கட்டை நிறுத்தும். இன்னொரு தடவை மோதிப் பாத்துக்கங்க" என்றார். அவருக்குத் தன் கட்டை மேல் உண்மையாகவே நம்பிக்கை இருந்தது.

எட்டாம் நாள் புதிய கட்டைகளை அண்ணனே இறக்கினான். மேலாளர் அவனை அந்த வாரக் கடைசியோடு நிறுத்துவதாகச் சொல்லியிருந்தார். கட்டை வைத்துவிட்டுத்தான் போவேன் என்று அவன் சொல்லிவிட்டான். மூன்றாம் கட்டை ஆடியது. அவன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"பாப்பா, ஒரு சின்னச் சில்லு மட்டும் வச்சுக்கவா?"

"வச்சுப் பாரு, தெரியும்."

"ஆடுதுடி."

"ஆடட்டும்."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பல்வலிக்காரனின் முகத்தோடு விலகி நின்றான்.

லாரி வந்தது. மோதியது. இம்முறை கட்டைகள் ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை. வரிசை நடுவில் வில்லாக வளைந்தது, கம்பிகள் அலறின, தளத்தில் வெள்ளைக் கீறல்கள் நீண்டன. ஆனால் லாரி நின்றது. தூசு அடங்கும் முன்பே மில்லி நாடாவோடு போய்விட்டாள்.

"மூவாயிரத்து நானூத்திப் பதினேழு."

கண்ணாடி மறைப்புக்குப் பின்னால் யாரும் தட்டவில்லை. கம்பெனிக்காரர் முதன்முறையாகச் சிரிப்பை விட்டிருந்தார். "நின்னுச்சுல்ல? அது போதாதா?"

"நின்னுச்சு. நல்ல கட்டை. மூணரை மீட்டர் தள்ளி யாரும் இல்லைன்னா."

"அந்த முனையில அவ்வளவு எடம் கெடையாது மேடம்."

"அப்போ நிழற்குடையை நகத்துங்க. லாரிகிட்ட பேச முடியாது."

அவள் மேசையில் அமர்ந்து அறிக்கையை நிரப்பினாள். ஊடுருவல்: 3.417 மீட்டர். தரையுடன் இணைப்பு: இல்லை. கையெழுத்தைப் போட்டாள். குறிப்பு என்ற கட்டத்தில், முதல் சோதனை செல்லாமல் போனதற்கான காரணத்தை எழுதினாள்: ஒரு விரல் கனச் சிமெண்ட் கலவை, இட்டவர் கொத்தனார்.

தோளுக்கு மேலிருந்து அண்ணன் படித்தான். மறுநாள் முதல் அவனுக்கு இங்கே வேலையில்லை; அவன் கை இன்னும் கான்கிரீட் தூசின் வெளுப்போடு இருந்தது.

"என்ன எழுதியிருக்கே? வெறும் கொத்தனாரா?"

"வேற என்ன எழுத?"

"லாரியையே நிறுத்தியிருக்கேன்டி. தலைமைக் கொத்தனார்னு போடு."

மில்லி பேனாவின் மூடியைத் திரும்பக் கழற்றினாள்.